ஒத்திகைக்குப் போன வண்டி

வல்லம் வடகாலில் இருக்கும் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் கல்யாண வீடு தோற்றுப்போகும். தோரணம், பேட்ஜ், உறுதிமொழி, எதற்கும் குறைச்சல் இல்லை. கடைசி நாள் விபத்து ஒத்திகை. பார்க்க வெளிநாட்டு கஸ்டமர்கள் வந்திருந்தார்கள். முதலுதவி அறை நர்ஸ் காந்திமதிக்குக் கொடுத்த வேஷம் என்ன தெரியுமா? அடிபட்டவள். நர்ஸாக வந்து அவளைக் காப்பாற்றப் போகிறவள் எச்.ஆர். ஸ்ரீமதி. அவளுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வருமாம்.

காந்திமதி நெற்றியில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது பிரஸ் லைன் பேச்சிராஜ் மார்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். தென்காசிப் பக்கத்து ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இடது கை இழுக்கிறது என்றான். அவளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கட்டிலில் படுக்கவைத்து, ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்துவிட்டு, சேஃப்டி ஆபிஸர் தேவராஜனிடம் ஓடினாள்.

"சார், பேச்சிராஜுக்கு நெஞ்சுவலி. ஹார்ட்டுதான்னு நெனைக்கிறேன். ஆம்புலன்ஸ் வேணும் சார்."

"இன்னா சிஸ்டர், இருக்கிறது ஒரே வண்டி. கஸ்டமரு வெயில்ல நின்னுகினு இருக்காங்க. கேஸ் ட்ரபுளா இருக்கும், ட்ரில் முடியட்டும்."

அவளே 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம். போன வருஷம் அப்படித்தான் கூப்பிட்டாள். லைனில் மயங்கி விழுந்த பெண்ணுக்கு வெறும் பசி என்று தெரிந்ததும், "நீ இன்னா டாக்டரா?" என்று இதே தேவராஜனிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கேண்டீனில் அவள் பெயர் 'நூத்தியெட்டு'. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் தனக்குத் தெரிந்ததையே அவள் நம்புவதில்லை. ஒருவேளை கேஸ்தானோ?

வெளியே சைரன் கேட்டது.

"வண்டி வந்துட்டுல்லா, சிஸ்டர்? எனக்குத்தான?" என்றான் பேச்சிராஜ்.

"ஆமா, உங்களுக்குத்தான். பேசாம படுங்க."

சொல்லிவிட்டு, வெளியே போய்த் தரையில் படுத்துக்கொண்டாள் பாவி. ஸ்ரீமதி தப்பான இடத்தில் நாடி பிடித்தாள். வண்டி காந்திமதியை ஏற்றிக்கொண்டு அலறியபடி ஒரகடம் ரோடு வரை போய்த் திரும்பியது. ஒரே கைதட்டல்.

அறைக்கு ஓடிவந்து பார்த்தபோது பேச்சிராஜிடம் மூச்சில்லை. கை ஓயும்வரை மார்பை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

தேவராஜன் வாசலில் நின்று கத்தினார். "நீங்கல்லாம் ஒரு நர்ஸா? ஹார்ட்டுன்னு தெரிஞ்சா சண்ட போட்டு வண்டிய வாங்கியிருக்க வேணாவா? அழுத்திச் சொல்லியிருந்தா நான் இன்னா குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

அந்த வாயிலேயே ஒன்று வைத்திருக்க வேண்டும். காந்திமதிக்கோ அவர் சொல்வது நியாயமாகவே பட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"சாரி சார்," என்றாள்.