ஊட்டிய கை

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்த மகள் தரையில் விழுந்தாள்; கைகால் வெட்டி இழுத்தது. எட்டு வயது, அதுவரை சளி, காய்ச்சலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை. ஸ்கேனில் மூளைக்குள் மூன்று புள்ளிகள் தெரிந்தன.

"நாடாப்புழுவோட முட்டை சாப்பாட்டுல போயிருக்கு. அது மூளைக்குப் போய்த் தங்கியிருக்கு" என்றார் டாக்டர். வீட்டில் யாருக்காவது புழு இருக்கலாம் என்று பெற்றோர் இருவரின் மலத்தையும் சோதிக்கச் சொன்னார்.

"கண்ட இடத்துல சாப்பிடுறது நீங்கதானே" என்று தாய் இரண்டு நாள் கணவனைக் கரித்துக்கொட்டினாள். அவனும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

புழு அவள் வயிற்றில்தான் இருந்தது.

"எனக்கு ஒரு வயித்துவலிகூட வந்ததில்லையே டாக்டர்?"

"பல பேருக்கு வராதும்மா. கை சரியாக் கழுவலேன்னா முட்டை நகக்கண்ணுல ஒட்டிக்கும். உங்களுக்கு மாத்திரை போட்டாப் போயிடும். பாப்பாவுக்குத்தான் நாளாகும். வேலைக்குப் போறீங்களா?"

"வீட்டுலதான் இருக்கா" என்று முந்திக்கொண்டான் கணவன். அவள் மருந்துச் சீட்டை வாங்கி மடித்தாள்.

குழந்தைகள் காப்பகத்தில் பதினொரு பிள்ளைகளுக்கு மதியச் சோறு பிசைந்து ஊட்டுவது அவள் வேலை.

வார்டில் மகள், "ஊட்டிவிடும்மா" என்றாள். தாய் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். எந்த உருண்டையோடு முட்டை போனது? கழுவாத கையோடு அவசரமாகப் பிசைந்த காலைகள்தான் எத்தனை? கணவன் அள்ளிய சோறு மகளின் கன்னத்தில் பாதி சிந்தியது.

"காப்பகத்துல சொல்லிடுறேங்க."

"பைத்தியமா உனக்கு? அத்தனை புள்ளைங்களப் பெத்தவங்களும் வந்து நிப்பாங்க. நம்மள உயிரோட விடுவாங்களா?"

"அந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணு இப்படி விழுந்தா?"

அவன் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மதியம் காப்பகத்துக்குப் போனாள். மேலாளர் போனில் பேசிக்கொண்டே, உட்காரும்படி கை காட்டினார். அவள் நின்றாள். வரும் வழியெல்லாம் கோத்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

சாப்பாட்டு அறையிலிருந்து, நடக்கப் பழகி ஒரு மாதம்கூட ஆகாத, அந்தப் பதினொரு பிள்ளைகளில் சின்னவள் தள்ளாடி வந்தாள். இவள் கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சின்னவள் இவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்தாள். கீழுதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.