பெண் ஒடும் மரம்

ஒடும் என்பது எங்கள் காட்டில் பலகைக்கு வெட்டும் ராட்சத மரம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் வெள்ளைப் பூச்சரம் சாண் நீளத்துக்குத் தொங்கும். பெண் பூ பச்சையாக, விரல் நீளத்தில் தடித்திருக்கும். குமாசி நகரத்திலிருந்து வரும் தாவரவியல் அம்மாள் அடோமாவுக்கு மரம் ஏறிப் பூ பறித்துக் கொடுத்தே இதெல்லாம் எனக்குப் பாடம். ஆண் பூவின் விவரத்தை அவர் எழுதி முடித்துவிட்டார். பெண் மரம் எங்கள் பக்கம் மிஞ்சியது ஒன்றுதான், தனியாளாக விவசாயம் பார்க்கும் ஃப்ரேமாவின் கொக்கோத் தோட்டத்தில்.

பிப்ரவரியில் போனோம். மரம் மொட்டையாக நின்றது. ஒடும் வருடாவருடம் இலை உதிர்ப்பதுதான். உச்சியில் பூ வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. கயிறு கட்ட அடியில் சருகை விலக்கினேன். பட்டை முழ அகலத்துக்குச் சுற்றிலும் செதுக்கப்பட்டிருந்தது.

“மாமே, இது யார் வேலை?” என்றேன். மாமே என்றால் எங்கள் பேச்சில் அம்மா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃப்ரேமா கொக்கோக் காய் உடைப்பதை நிறுத்தவில்லை. “என் வேலைதான். போன வருஷம் மரக் கான்ட்ராக்டர் பக்கத்துத் தோட்டத்துல ஒரு ஒடும் சாய்ச்சான். நாப்பது கொக்கோச் செடி நசுங்கிப்போச்சு. மரம் அரசாங்கத்துதாம், நசுங்கினது மட்டும் நம்மளுதாம். இதையும் அவன் சாய்க்கறதுக்கு முன்னாடி, பட்டுப்போய் கிளை கிளையா உதிரட்டும்.”

“இங்க இருந்த ஒரே பெண் மரம், மாமே,” என்றார் அடோமா.

“நானும்தான் இங்க ஒத்தைப் பொம்பளை. என்னை எழுத யாரும் வரலையே, இலை டாக்டரம்மா!”

அடோமா என் பக்கம் திரும்பினார். “ஏறலாமா, போவாச்சி?”

“கிளையைத்தான் கேக்கணும்,” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

இரண்டாவது கிளை முறிந்தது. கயிறு தாங்கியது, என் விலா மரத்தில் மோதியது. ஃப்ரேமா கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். “இறங்குடா! பூவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!”

கொத்தை வெட்டிக்கொண்டுதான் இறங்கினேன். அவள் சுட்ட வாழைக்காயைக் கையில் திணித்து, வாய் ஓயாமல் திட்டினாள்.

அடோமா பூவை அளந்து எழுதினார். மரத்தின் நிலை என்ற இடத்தில் பேனா நின்றது.

“அபராதம் போடுவாங்களா?” என்றாள் ஃப்ரேமா.

“நான் வனத்துறை இல்ல, மாமே. ஆனா பார்த்ததை எழுதாம விட முடியாது.”

‘பட்டை வளையமாக நீக்கப்பட்டுள்ளது. மரம் இறந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினார். செய்தது யார் என்று எழுதவில்லை.

மழை தொடங்கியும் மரம் துளிர்க்கவில்லை. ஜூனில் கான்ட்ராக்டர் வந்து அண்ணாந்து பார்த்தான். காய்ந்த கிளை தன் ஆட்கள் தலையில் விழும் என்று வெட்டாமலே திரும்பிப் போனான். ஃப்ரேமாவுக்குக் கொக்கோ நன்றாக விளைந்தது. காயையும் விதையையும் எழுத அடோமா வேறு பெண் மரம் தேடி இரண்டு மாவட்டம் தள்ளிப் போயிருக்கிறார். அவருக்கு மரம் ஏறத் திங்கட்கிழமை நானும் கிளம்புகிறேன்.