உப்புத் தண்ணி ஆமைகள்

என் தம்பி பஞ்சாட்சரம் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. எழுபத்தெட்டில், ஆடி மாதம் வந்தவன் ஓர் ஈரக் கோணிப்பையை என் முன்னால் அவிழ்த்தான். உள்ளே இரண்டு ஆமைகள். கழிமுகத்தில் வலையில் மாட்டியவையாம். குழம்பு வைக்க இருந்தவர்களிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான்.

“யக்கா, நல்ல தண்ணியில வுடாத, செத்துப்பூடும். உப்புத் தண்ணியில வுடு” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான்.

ஆமையை வீட்டுக்குள் சேர்க்க மாட்டோம். அதனால் கொல்லையில் இருந்த குட்டையைத் தூர் வாரி, வெயில் காயக் கல் அடுக்கி, சுற்றிலும் பனைமட்டை வேலி கட்டினேன். எங்கள் ஊர் மானாம்பதியில் உப்புத் தண்ணிக்கா பஞ்சம்? எங்கள் தோப்புக் கிணறே உப்புக் கிணறுதான். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எட்டு வருஷமாக எங்களிடம் வேலை செய்த செங்கேணியைத் தினமும் பத்துக் குடம் அதிலிருந்து கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டின் மேலும் எனக்கு உயிர். பெரியது என் கையிலிருந்தே முருங்கைக்கீரையைப் பிடுங்கித் தின்னும். என் வீட்டுக்காரர்கூட, “எனக்கு ஒரு நாளாவது இப்டி ஊட்டுனியாடி சுலோச்சனா?” என்று கேலி செய்வார்.

புரட்டாசியில் இரண்டின் ஓட்டிலும் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைத் திட்டு. கழுத்துத் தோல் உரிந்தது. கீரையைத் தொடவில்லை. ஒரு நாள் காலையில் பெரியது செத்து மிதந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. குடத்தோடு வந்த செங்கேணியைப் பிடித்துக்கொண்டேன்.

“தோப்பு தூரமா கீதுன்னு நல்லதண்ணிக் கெணத்துல மொண்டுகினு வந்தியாடி? வாயில்லாத ஜீவனக் கொன்னுட்டியே, பாவி!”

“இல்லம்மா, உப்புக் கெணறுதாம்மா.”

“பொய் பேசாத! இனிமே என் வூட்டாண்ட வராத!”

தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தீபாவளிக்குத் தம்பி வந்தான். குட்டையில் விரலை விட்டு நாக்கில் வைத்தான்.

“இன்னாக்கா இது? உப்பே இல்லியே!”

“அட போடா! இதுல பருப்பே வேவாது. இது உப்புத் தண்ணி இல்லாம வேற இன்னா?”

“அய்யோ யக்கா! நான் சொன்னது கடல் உப்பு. கல்லுப்ப வாங்கிக் கரைச்சு ஊத்தணும்.”

அன்றே ஒரு மூட்டைக் கல்லுப்பு வாங்கிக் கரைத்தோம். கார்த்திகை பிறப்பதற்குள் மிச்சமிருந்த ஆமை தலையை நீட்டிக் கீரை கேட்டது. செங்கேணியைப் பார்க்கத்தான் எனக்கு முகமில்லை. இருந்தாலும் போனேன். திருப்புலிவனத்தில் யாரோ ஒருவருடைய கழனியில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னுதுதான் செங்கேணி. எந்தத் தண்ணின்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சு. மனசுல வெச்சுக்காத, வேலைக்கு வா.”

அவள் வரப்பில் ஏறி நின்று கைச்சேற்றைத் துடைத்தாள்.

“இன்னொண்ணு பொழைச்சுக்கிச்சா?”

“பொழைச்சுக்கிச்சு.”

“நல்லா இருக்கட்டும். ஆமைக்கு எந்தத் தண்ணின்னு உனக்குத் தெரியல, சரி. எனக்கு எந்தக் கெணறுன்னு கூடவாம்மா தெரியல? நல்லதண்ணிக் கெணத்துப் படியில எங்கள எந்நாளு கால் வெக்க வுட்டீங்க?”

அவள் நாற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் கழனியில் இறங்கினாள்.