மிதிக்கவே தேவையில்லாத பாதை

ஏழு மஞ்சள் சட்டைகள் ஏரிக்கரை வளைவில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகின்றன, ஆறு திரும்பி மறைந்த பிறகும் ஏழாவது மட்டும் திரும்புவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் ஆடி ஆடி நகர்கிறது, அந்தச் சட்டைக்குள் இருப்பவள் ரோசலின், என் மனைவி, வயது ஐம்பத்து மூன்று, சைக்கிள் பழகி நாலரை மாதம் ஆகிறது, அவளுக்கு முப்பதடி பின்னால், களைத்துப்போகிறவர்களை ஏற்றிக்கொள்வதற்காக ஊர்ந்து வரும் ஜீப்பின் முன்சீட்டில், ஃபிளாஸ்க் காபியோடு நான், என் மடியில் நான் எழுதிய புத்தகம், ஏரிக்கரையும் காடும், பதினொரு சைக்கிள் பாதைகள், அட்டையில் என் பெயருக்குக் கீழே அனுபவமிக்க சைக்கிள் பயணி என்று போட்டிருக்கிறார்கள், எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தெரியாது என்றால் குரங்குப்பெடல்கூடத் தெரியாது, ஏழு வயதில் ஒருமுறை ஏறி, நேரே ஏரிக்குள் விட்டு, தலையில் பாசியோடு வெளியே வந்தவன் அதற்கப்புறம் ஏறவில்லை, ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவர்களை இளக்காரமாகப் பார்ப்பதற்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இந்த மலையில் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சமவெளியிலிருந்து குரங்குக்குல்லாய் மாட்டிக்கொண்டு வந்து வாடகைச் சைக்கிளில் ஏரியைச் சுற்றுகிற குடும்பங்கள், முன்னால் மிதித்துப்போகும் மனைவியைப் படம் பிடித்தபடியே பின்னால் ஓடுகிற கணவன்கள், அவர்கள் ஏரியைப் பார்ப்பது ஊருக்குப் போய்ப் படத்தில்தான், பிறகு வந்தது அடுத்த ரகம், இறுக்கமான கால்சட்டையும் தர்பூசணியைக் கீறி வைத்தது போன்ற தலைக்கவசமும், சைக்கிளைக் கார் தலையில் கட்டி மலைக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள், இறக்கி ஒரு சுற்று மிதிப்பார்கள், மறுபடியும் கார் தலையில் கட்டி இறக்கிக்கொண்டு போவார்கள், கேட்டால் இயற்கையோடு ஒன்றிவிட்டோம் என்பார்கள், இயற்கை ஒரு காட்டுமாடு வடிவத்தில் எதிரே வந்து நின்றால் மட்டும் ஒன்றாமல் ஓடுவார்கள். இவர்களுக்காகத்தான் சுற்றுலாக் கம்பெனி வைத்திருக்கும் தனசேகரன் என்னைத் தேடி வந்தார், சார் நீங்க உள்ளூர்க்காரரு, பேப்பர்ல எழுதுறவரு, ஒவ்வொரு பாதையையும் ஓட்டிப் பாத்து எழுதிக் குடுங்க என்றார், எனக்கு வலது மூட்டில் வலி என்றேன், அப்படியானால் ஜீப் தருகிறேன் என்றார், ஜீப்போடு டிரைவர் மரியசூசை வந்தான், சைக்கிள் பாதையை ஜீப்புல போய் அளக்குற ஒரே ஆளு நீங்கதான் சார் என்று முதல் நாளே சொல்லிவிட்டான், அவனுக்கு அடிக்கடி டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படி எழுதிய புத்தகம் போன மாதம் அச்சாகி, அதை நம்பிப் புறப்பட்டிருக்கும் முதல் கூட்டம் இது, ரோசலினோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர்கள், இரண்டாம் பாதையைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான், எங்க வீட்டுக்காரரு ரசிச்சு எழுதுன பாதை என்று சொல்லியிருக்கிறாள், காலையில் ஓர் இடத்தில் ஏழு பேரும் இறங்கி நின்றார்கள், இவ்விடத்தில் நின்று ஏரியின் முழு அழகையும் பருகுங்கள் என்று நான் எழுதியிருந்தேன், ஜீப் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் பருகலாம்தான், சைக்கிள்காரியின் கண்ணுக்கு நேரே இருப்பது பாசி பிடித்த கைப்பிடிச் சுவர், ஏழு பெண்களும் அந்தச் சுவரை மரியாதையாக ஐந்து நிமிஷம் பார்த்தார்கள், இதுல என்னத்தடி பருகுறது என்றாள் கிளாரா டீச்சர், நான் ஜீப் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காபியைப் பருகினேன். அது பரவாயில்லை, அடுத்து வரப்போவதுதான் மோசம், எழுதுவதற்காகப் போன அன்று நானும் மரியசூசையும் பெரிய ரோட்டு வழியாக மேலே ஏறி, பைன் காட்டு வழியாக ஏரிக்கு இறங்கி வந்தோம், வந்தபடியே எழுதினேன், இங்கிருந்து மிதிக்கவே தேவையில்லை, காற்றே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும் என்று, தனசேகரனோ கார் நிறுத்த இடமும் பஜ்ஜிக்கடையும் ஏரிக்கரையில்தானே இருக்கின்றன, அங்கிருந்தே கிளம்பட்டும் என்று படத்தில் அம்புக்குறியை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டார், வாக்கியங்களைத் திருப்பவில்லை, பிழை திருத்த என்னிடம்தான் வந்தது, நாலு ஒற்றுப்பிழை கண்டுபிடித்து வட்டம் போட்டு அனுப்பினேன், பள்ளமெல்லாம் மேடாகியிருப்பது கண்ணில் படவில்லை, பெடலை மிதித்தறியாத காலுக்கு ஏற்றமும் ஒன்றுதான், இறக்கமும் ஒன்றுதான், நேற்று ராத்திரி சாப்பிடும்போது புத்தகத்தைப் புரட்டியவனுக்குத் திடுக்கென்றது, சொல்லியிருக்கலாம், சொன்னால் அதற்கு முந்தியதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

முந்தியது வத்தலக்குண்டு, அப்போது அவள் கீழே பள்ளிக்கூடத்தில் டீச்சர், எங்களுக்கு நிச்சயமாகி ஏழு மாதம் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது, ஒரு சனி விட்டு ஒரு சனி நான் மலையிலிருந்து சைக்கிளிலேயே இறங்கிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன், ஐம்பது கிலோமீட்டர், பதினெட்டு வளைவு, வெயில் மழை பார்க்காமல், எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் வந்தாலும் இந்தக் கதை காபிக்கு முன்னால் வந்துவிடும், உண்மையில் நான் போனது முட்டைக்கோஸ் லாரியில், சர்ச் உபதேசியாரிடம் இரவல் வாங்கிய சைக்கிள் என் பக்கத்தில் மூட்டைகளின் மேல் சொகுசாகப் படுத்து வரும், ஊருக்கு ஒரு பர்லாங் முன்னால் இரண்டு பேரும் இறங்குவோம், ரோட்டோரக் குழாயில் முகத்தையும் சட்டை முதுகையும் நனைத்துக்கொண்டு, மூச்சு வாங்குவதற்குக் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு, தள்ளியபடி போய் வாசலில் நிற்பேன், மோரோடு ஓடி வருவாள், உங்க மேல ஏன் முட்டைக்கோஸ் வாசம் அடிக்குது என்று ஒருமுறை கேட்டாள், வழியெல்லாம் தோட்டம்தானே என்றேன், அந்தக் கண்கள், எனக்காக ஒருத்தன் இவ்வளவு தூரம் மிதித்து வருகிறானே என்று விரிந்த அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு, லாரி என்று சொல்கிற ஆண்பிள்ளை யாராவது இருந்தால் அவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன், அவனும் ஒரு முட்டாள்தான் என்று எழுந்திருக்கும்போது சொல்வேன்.

காடு வந்துவிட்டது, காற்று யாரையும் தள்ளவில்லை, ஆறு டீச்சர்களும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள், இத எழுதுனவரு ஜீப்புக்குள்ளதான இருக்காரு, கீழ இறங்கட்டும் பேசிக்கிறேன் என்கிறாள் கிளாரா, ரோசலின் மூச்சுக்கு நடுவே எனக்காக வாதாடுகிறாள், அவரு ஓட்டிப் பாத்துத்தான் எழுதிருக்காரு, அவரு கால் பலம் அப்படி, நம்மதான் தப்பா மிதிக்கிறோம், அவர்கள் போய்விட்டார்கள், இவள் மட்டும் தள்ள மாட்டேன் என்று மிதித்து மிதித்து, ஒரு பைன் மரத்தடியில் நின்று, இறங்கி, வேரில் உட்கார்ந்தாள், போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், ஆறு ஊசி, ஒவ்வொன்றும் அரைநாள் இறங்கும், கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசையும், ஜெபம் என்று நினைத்து நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன், முடி திரும்ப முளைத்த பிறகுதான் சைக்கிள் பழக ஆரம்பித்தாள், இந்த உடம்பு ஆஸ்பத்திரிக்காரங்க உடம்பாப் போச்சு, திரும்ப என்னோடதா ஆக்கணும் என்றாள், இந்தப் பாதையை முடிச்சிட்டா ஆயிரும், இதுல ஜீப்புல ஏறுனா இனிமே சைக்கிளத் தொட மாட்டேன் என்று காலையில் கிளம்பும்போதே சொன்னாள், நான் இடது மூட்டைத் தடவிக்கொண்டேன், நேத்து வலது மூட்டுன்னீங்க என்றாள். இப்போது ஜீப் நிற்கிறது, மரியசூசை தலையை வெளியே நீட்டி, ஏறிக்கிறீங்களா அம்மா என்கிறான், அவள் அவனைப் பார்க்கவே இல்லை, ஏங்க, இன்னும் எத்தனை வளைவு, ஒரு நாலு அஞ்சுக்குத்தான் மூச்சு இருக்கு, எண்ணிக்கை தெரிஞ்சா பங்கு வச்சு மிதிச்சிருவேன், மரியசூசை வாயைத் திறக்கிறான், உன்னைக் கேக்கல, ஜீப்புக்கு வளைவு வேற காலுக்கு வளைவு வேற, மிதிச்சவரக் கேக்குறேன் என்கிறாள்.

ரெண்டு என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் நிற்கிறது, பழகிய நாக்கு, ஆனால் ரெண்டு என்றால் அவள் ரெண்டுக்குத்தான் மூச்சை வைத்துக்கொள்வாள், மூன்றாவதில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது, ஜீப்பிலிருந்து இறங்கினேன், தெரியாது ரோசி, நான் இதுல மிதிக்கல, ஜீப்புலதான் வந்தேன், அதுவும் மேலேயிருந்து கீழே, எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது என்றேன், மரியசூசை ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான், அவள் என் செருப்பைப் பார்த்தபடி, அப்ப வத்தலக்குண்டு, என்றாள், முட்டைக்கோஸ் லாரி என்றேன், அவ்வளவு தடவையுமா, ஒரு தடவை காரட்.

சிரிப்பாள் என்று நினைத்தேன், காரட்டை அதற்காகத்தான் சேர்த்தேன், அவள் சிரிக்கவில்லை, ஆஸ்பத்திரியில நான் ஜெபமா பண்ணேன்னு நெனச்சீங்க, ஊசி ஏறுன ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினெட்டு வளைவையும் எண்ணிக்கிட்டு இருந்தேன், இப்ப மூணாவதுல வர்றாரு, இப்ப ஒம்பதுல தண்ணி குடிக்கிறாருன்னு, பதினெட்டு வந்தா எங்க வாசல்ல நிப்பீங்க, நர்ஸ் வந்து கழட்டுவா, அந்த மனுசன் எனக்காக அம்பது கிலோமீட்டர் மிதிச்சாரே, நான் இது தாங்க மாட்டேனான்னு, நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள், அப்ப அந்த ரோட்டுல இதுவரைக்கும் ஓட்டுனது நான் மட்டும்தானா. அவள் எழுந்து மண்ணைத் தட்டினாள், மரியசூசை, நீ வண்டிய எடுத்துக்கிட்டு மேல போ, இவரு நடந்து வருவாரு, பேனா இருக்குல்ல, பின்னாலேயே வாங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, நாளைக்கு இன்னொருத்தி இதை நம்பி வருவா.

ஜீப் போன புகை அடங்கியதும் ஏறி மிதித்தாள், முதல் வளைவிலிருந்து குரல் வந்தது, ஒண்ணு, நெஞ்சு வரைக்கும் ஏத்தம், எழுதியாச்சா, எழுதியாச்சு என்று கத்தினேன், ரெண்டு, ஓரத்துல உக்கார கல்லு இருக்கு, உக்காந்தா எந்திரிக்க மனசு வராது, அதையும் எழுதுங்க, மூணு, இங்க அழுகை வரும், வந்தா வரட்டும்னு போடுங்க, புத்தகத்தின் ஓரங்களில் எழுதிக்கொண்டே நடக்கிறேன், மூட்டு இரண்டும் இப்போது நிஜமாகவே வலிக்கின்றன, நாலு, அஞ்சு என்று குரல் மேலே மேலே போகிறது, அவள் கணக்கில் மூச்சு முடிய வேண்டிய இடம் தாண்டிவிட்டது, ஆறு என்பது மரங்களுக்கு நடுவே எங்கிருந்தோ மெல்ல வந்தது, பிறகு பைன் இலைகளின் சத்தம் மட்டும், ரோசி என்றேன், ரோசி என்று ஓடவும் பார்த்தேன், நாலடிக்கு மேல் கால் வரவில்லை, முழங்காலில் கையை ஊன்றி நின்றுகொண்டு, மிதிக்கவே தேவையில்லை என்ற வரியை அடித்துவிட்டு, ஆறாவது வளைவுக்கு மேல் இந்தப் பாதையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அங்கே முன்னால் போயிருப்பவரைக் கேட்கவும் என்று எழுதினேன், எழுதி முடித்து, மறுபடியும் நடந்தேன்.