பின்பக்கக் கைப்பிடி

கட்டிலுக்கடியில் பெருக்கக் குனிந்தபோதுதான் சின்னவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். நீலக் கோடு. கட்டிலின் தலைமாடு முட்டிக்கொண்டிருக்கும் சுவரிலிருந்து சரியாக நான்கடி தள்ளிப் போட்டிருந்தது. துணியில் குறி வைக்க அண்ணி பயன்படுத்தும் சாக்பீஸின் நீலம் அவளுக்குத் தெரியாததா? கண்ணுக்குத் தெரிகிற இடத்திலெல்லாம் துடைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் மட்டும் மறந்திருக்கிறார்கள். யாருமில்லாத நேரம் பார்த்து அறையை அளந்தாகிவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் நேரமில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஆனாலும் இந்த வீட்டில் சின்னவள்தான். புருஷன் இன்னொருத்தியோடு போன வருஷம், பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பத்து நாள் முடியாமலே இன்றோடு பத்தொன்பது வருஷம். போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அண்ணனின் பாசம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையான காரணம் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் போட்டிருந்த ஒரு நாற்காலி.

அண்ணி வீட்டிலேயே குயில்ட் தைப்பவள். மேலே துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பூவும் கொடியுமாகத் தையல் ஓட்டவேண்டும். பெரிய கட்டிலுக்கான போர்வை என்றால் நனைந்த ஜமக்காளம் மாதிரி கனக்கும். அண்ணியிடம் இருந்ததோ சாப்பாட்டு மேஜைமேல் வைத்த வீட்டுத் தையல் மெஷின், ஊசிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அதற்குள் அத்தனை துணியையும் திணித்து ஓட்டுவது ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. அண்ணி ஊசிப் பக்கம் உட்கார, சின்னவள் எதிரே உட்கார்ந்து கனத்தைத் தூக்கிப் பிடிப்பாள். ஊசி போகும் பக்கம் பார்த்துத் தளர்த்துவாள், திரும்பும்போது இழுத்துக் கொடுப்பாள். அண்ணி வாயைத் திறக்கவே தேவையில்லை. பிடிப்பது ஒருத்தி, பேர் வாங்குவது ஒருத்தி என்றாலும் சின்னவளுக்கு அதில் குறையில்லை. பிடிக்க ஆள் வேண்டும், அதனால் தனக்கு ஓர் அறை, அறையில் ஒரு கட்டில், கதவில் ஒரு தாழ்ப்பாள். இந்தக் கணக்கு அவளுக்குப் புரிந்திருந்தது.

இப்போது அண்ணியின் வலது தோள் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. தலைவாரவே கை எழவில்லை. கனத்தைத் தள்ளுகிற வேலையை விடு, இல்லை தோளை விடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்: என்ன மெஷின், துணியை விரித்துக் கட்ட எவ்வளவு பெரிய ஃப்ரேம். எங்கே போடுவது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அண்ணன் போனைப் பார்ப்பான். நீலக் கோட்டைப் பார்த்த மறுநாள், கடைக்கு நீயும் வா, உனக்குத்தான் துணியின் கனம் தெரியும் என்று அண்ணி கூப்பிட்டாள்.

சின்னவள் ஒரு முடிவோடுதான் போனாள். மேஜையோடு வருகிற மெஷின் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். துணி நுழைகிற வாய் பெரிது, உட்கார்ந்தே தைக்கலாம், ஹால் மூலையில் அடங்கிவிடும். துணியைக் கையால்தான் நகர்த்த வேண்டும் என்பதால் எதிரே பிடிக்க ஓர் ஆளும் வேண்டியிருக்கும். எப்படியாவது அதையே வாங்க வைத்துவிட வேண்டும்.

கடைக்காரர் நிதானமான மனிதர், தானே தைக்கிறவர். முதலில், வீட்டு மெஷினையே ஏற்றி ஓட்டும் சின்ன ஃப்ரேமைக் காட்டினார். காட்டிய கையோடு குறையையும் சொன்னார்: தைத்த பகுதியைச் சுருட்டச் சுருட்ட மெஷினின் வாய் அடைத்துக்கொள்ளும், பாதிப் போர்வை தாண்டினால் நாலு விரல் இடம்கூட மிஞ்சாது. அது வேண்டாம் என்றாள் அண்ணி.

அடுத்தது மேஜை மெஷின். சின்னவள் அதன் புகழை இருப்பதும் இல்லாததுமாக அளந்துவிட்டாள். அண்ணி உட்கார்ந்து ஓட்டினாள். இரண்டு நிமிஷம் துணியைத் தள்ளியிருப்பாள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள், கண்ணில் நீர் கட்டியது. வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் இதையே வாங்குங்கள் என்று சொல்ல சின்னவளுக்கு மனசு வரவில்லை. அவள் நல்லவள் என்பதால் அல்ல. அந்தத் தோளின் ஒவ்வொரு வலியையும் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பழகிவிட்டதால்.

மூன்றாவது, பத்தடி ஃப்ரேமில் நின்றுகொண்டு ஓட்டுவது. துணி உருளைகளில் விறைப்பாகக் கிடக்கும், மெஷின்தான் சக்கரத்தில் நகரும். அண்ணி கைப்பிடியைப் பிடித்துத் தொட்டதும் அது வழுக்கிக்கொண்டு போனது. பல மாதம் கழித்து அவள் முகம் தெளிந்தது.

"கனமெல்லாம் ஃப்ரேமே தாங்கிக்கும். பிடிக்கிறதுக்கு ஆளே வேணாம், ஒருத்தரே போதும்" என்றார் கடைக்காரர். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். சின்னவள் மேஜை மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

நீயும் ஓட்டிப் பார் என்று அண்ணி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். சின்னவள் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அங்கே, மெஷினின் பின்புறத்தில், இன்னொரு ஜோடிக் கைப்பிடி இருந்தது. அதைப் பிடித்தாள். பட்டனை அழுத்தினாள். அண்ணி வழக்கமாகப் போடும் இலைக்குப் பதில் இறகு விரியும் கொடியைப் போட ஆரம்பித்தாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் அந்தக் கொடியைத் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் வளையும், எங்கே மூச்சு வாங்கும், எந்த இறகில் அண்ணி அவசரப்படுவாள் என்று எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே அவளுக்கு மனப்பாடம். கை தானாக ஓடியது. ஒரு கொடி முடிந்து, அடுத்த கொடி கிளைத்து, துணியின் கோடிவரை போய்த் திரும்பி வந்தது. நிறுத்தியபோது அண்ணி முன்பக்கத்திலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவசரப்படும் இறகுகூட அதில் நிதானமாக விழுந்திருந்தது.

"நீ எப்பக் கத்துக்கிட்ட?" என்றாள் அண்ணி.

"உங்க எதிர்ல உக்காந்துதான்."

சின்னவளுக்கு அப்படியொரு சந்தோஷம். கடைசியாக எப்போது இப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. இவங்க கையில வித்தை இருக்கு என்று கடைக்காரர் சொன்னதும் காதுவரை சூடேறியது.

அதன் பிறகுதான் அவர் காகிதத்தை எடுத்து அறையின் அளவைக் கேட்டார். அண்ணி யோசிக்காமலே சொன்னாள்: பதினொன்றுக்கு ஒன்பது. ஃப்ரேமுக்கும் மெஷினின் வாலுக்கும் சேர்த்து நான்கடி என்று அவர் படம் போட்டார். முன்னால் நிற்க இரண்டரை அடி. பின்னாலும் ஆள் நிற்பதென்றால் அங்கேயும் இரண்டரை அடி. பின்கைப்பிடி இல்லாத மாடல் என்றால் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடலாம், அந்த இடம் மிச்சம் என்றார்.

அண்ணி அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள்.

"உன் ரூம்ல தான் போடணும், வேற எடமில்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இழுத்துக்கிட்டே இருந்துட்டேன். பின்னாடி எடம் விட்டா உன் கட்டில் போகாது, நீ ஹால்ல தான் படுக்கணும். கைப்பிடி வேணாம்னா கட்டில் அங்கேயே கெடக்கட்டும். நீயே சொல்லு."

இதை அண்ணி அன்பாகச் சொன்னாளா, சூட்சுமமாகச் சொன்னாளா? சின்னவள் இன்றுவரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள், பிடிபடவில்லை. அன்றைக்கு அவள் கண்ணில் தெரிந்ததெல்லாம் ஹால். விடிந்ததும் படுக்கையைச் சுருட்டி யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டும். வருகிறவர் போகிறவர் முன்னால் எழுந்து உட்கார வேண்டும். மறுபடியும் பெட்டியோடு வந்த விருந்தாளி. கட்டில் இருந்தால் வீடு இருக்கிறது. கைப்பிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"கைப்பிடி வேணாம் அண்ணி" என்றாள்.

கடைக்காரர் பேனாவை நிறுத்தினார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இந்த மாடலில் அப்புறம் மாட்ட முடியாது என்றார். சின்னவள் சிரித்துக்கொண்டே, நான் வெறுமனே பிடிக்கிறவள்தான், எனக்கு எதற்கு அதெல்லாம் என்றாள். அண்ணி மூச்சை விட்டாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மெஷின் வந்து சுவரோடு ஒட்டி நின்றது. எதிர்ச் சுவரோரம் கட்டில். அண்ணி தனியாக நின்று ஓட்டினாள், தோள் தேறியது, வேலையும் ஓடியது. சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அண்ணி வெளியே போயிருந்தபோது முன்பக்கம் நின்று ஓட்டிப் பார்த்தாள். தலைகீழாகப் படித்த கை, நேராக எழுதத் தெரியாமல் தடுமாறியது. இறகெல்லாம் கோணிக்கொண்டு போயின. அது ஒருவர் ஆர்டர் கொடுத்திருந்த போர்வை. அதைப் பிரிக்க அண்ணிக்கு இரண்டு நாள் பிடித்தது. அண்ணி கத்தவில்லை. "விடு, உனக்கு வராது" என்று மட்டும் சொன்னாள்.

வேலை பெருகவும் பஞ்சு உருளைகள் வந்து இறங்கின. முதலில் பகலில் மட்டும் அவை கட்டில்மேல் கிடந்தன. பிறகு இரவிலும் கிடந்தன. நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஸ்பேனரோடு வந்தான். ஹாலில் ஃபேன் காற்று நன்றாக வரும், நீயும் ஏன் இந்தத் தூசியில் கஷ்டப்படுகிறாய் என்றான். அவன் கட்டிலின் திருகுகளைக் கழற்ற, சின்னவள்தான் பலகையைத் தாங்கிப் பிடித்தாள். பிடிப்பதில் அவளை மிஞ்ச யாருமில்லையே. மாலைக்குள் கட்டில் கிடந்த இடத்தில் உருளைகள் நின்றன. அடுத்த வாரமே, ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை என்று, அண்ணி காலை நேரத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுப்பது சின்னவளின் வேலை ஆனது.

ஒருநாள் வீட்டில் யாருமில்லை. சின்னவள் அந்தக் கடைக்குப் போன் போட்டாள். யார் என்று சொல்லாமல், பத்தடி ஃப்ரேம் மெஷினுக்குப் பின்பக்கக் கைப்பிடி இப்போது மாட்ட வழி இருக்கிறதா என்று கேட்டாள். எந்த மாடல் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னாள். அவருக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானாம்மா? அதுல வழியில்லயே. அன்னிக்கே ரெண்டாவது தடவையும் கேட்டேனே."

"ஆமாங்க, கேட்டீங்க" என்றாள் சின்னவள்.

போனை வைத்தாள். காலையில் அவசரத்தில் சுருட்டாமல் விட்ட படுக்கை ஹால் நடுவே அப்படியே கிடந்தது. யாராவது வருவதற்குள் அதை மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.