படிக்கட்டுச் சந்தின் பச்சைக் கட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடித்தவன் நான்தான். அது நெஞ்சை அரிப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அக்கா நகரமன்ற உறுப்பினர். "நடக்கிறவங்கதான் முதல்ல, காரெல்லாம் அப்புறம்" என்று சொல்லி ஜெயித்தவள். நடைபாதை, படிக்கட்டு, சாலையைக் கடக்கும் இடம்: அவளுடைய முன்னுரிமைகள் இவ்வளவுதான். சொன்னதைச் செய்கிறோமா என்று பார்க்க அலுவலகச் சுவரில் ஒரு பெரிய அட்டை. தெருவுக்கு ஒரு கட்டம். மாதாமாதம் வந்த புகார்களை எண்ணி, கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. எண்ணுவதும் வண்ணம் அடிப்பதும் என் வேலை. (கதை எழுதுகிறவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?)

2

தொடக்கம், முதல் முயற்சி: "படிக்கட்டுச் சந்தில் அன்று காலை…"

வேண்டாம். அன்று காலை ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயமே.

இரண்டாம் முயற்சி: திங்கள்தோறும் சரியாகப் பத்து மணிக்கு அலுவலகப் போன் அடிக்கும். படிக்கட்டுச் சந்துத் தையல்காரம்மா. "தம்பி, அந்தக் கைப்பிடி இன்னும் ஆடுது. எழுதிக்கோ." தன் புகாரோடு சந்தில் எல்லார் புகாரையும் சேர்த்துச் சொல்வார். மாதம் இருபது தேறும்.

பிறகு ஒரு திங்கள் போன் வரவில்லை. அடுத்த திங்களும் இல்லை. அந்த மாதம் பூஜ்யம். பச்சை அடித்தேன். பச்சையான தெருவைப் பழுதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். எடுத்தேன். மூன்று மாதம் பூஜ்யமாகவே போனதும் அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வாடா, நேர்ல போய் அந்தம்மாவைப் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

3

[இங்கே தையல்காரம்மாவைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு அது வசதி. அவரோ எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.]

இடது காலில் மாவுக்கட்டு. அதை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, வலது காலால் மட்டும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். போன வாரம் படி இறங்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிட்டதாம்.

"ஏம்மா, ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றாள் அக்கா.

"கடைசியா பண்ணப்போ நீதானே எடுத்த. நாலு வார்த்தைக்கு ஒரு இருமல்.* பாவம், இந்தப் பொண்ணு எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லும்னு எனக்கு மனசு கேக்கல. சந்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கொஞ்ச நாளைக்கு அவளைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதை முன்னேற்றம்னு சுவத்துல மாட்டி வச்சிருக்கேம்மா."

"சரி விடு. இருமல் இப்ப எப்படி இருக்கு?"

* தெருத் தெருவாக நடந்து தூசியில் வாங்கிய இருமல்.

4

முடிவு, ஒன்று: கைப்பிடி மாறுகிறது. தையல்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறார்.

அக்கா படித்தாள். "கைப்பிடியை மறுநாளே மாத்தியாச்சு, சரி. ஆனா கதை அதோட முடியலயேடா."

முடிவு, இரண்டு: அக்கா அட்டையைக் கிழித்து எறிகிறாள்.

"நான் ஏன் கிழிக்கணும்? எண்ணிப் பாக்கலன்னா எந்தத் தெரு தவிக்குதுன்னு எப்படித் தெரியும்? எண்ணுனது தப்பில்ல. எண்ணிட்டு, போய்ப் பாக்காம விட்டோம் பாரு, அதான் தப்பு." அட்டையில் மற்றப் பச்சைக் கட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள். "இன்னும் பதினாறு பச்சை இருக்கு. இதுல எது நெஜம், எத்தனை பேர் நமக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்காங்க?"

பதினாறையும் நடந்தே பார்க்கக் கிளம்பினோம். நான்கு முடிந்தது. மூன்று நிஜப் பச்சை. நான்காவது தெருவில் ஒரு பெரியவர் அக்காவைக் கண்டதும்…

(இந்த வரியை நிறுத்தச் சொன்னாள். அவர் அழுததை ஊருக்குச் சொல்ல வேண்டாமாம்.)

5

மீதிப் பன்னிரண்டில் ஒன்று உங்கள் தெருவாக இருக்கலாம். அதனால் இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. உங்கள் வாசலில் எது ஆடுகிறது, எது உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். திங்கள் பத்து மணிக்குப் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

தயங்காமல் கூப்பிடுங்கள். அக்காவுக்கு இருமல் சரியாகிவிட்டது.