ஒரே ஒரு 'ல' போதாதா?

அலர்மேல்மங்கைக்குப் பிழை ஒன்று காதில் விழுந்தால் போதும், திருத்தாமல் இருக்க முடியாது. திருவள்ளூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். அப்பா எம்பார் பரமபதம் அடைந்தபின் அத்தனை பெரிய வீட்டில் அவள் மட்டும்தான். ரேடியோவை நிறுத்தினால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், ரயில்வே பார்சல் கிளார்க் ஆதிகேசவன் இலாகாப் பரீட்சைக்காக ஞாயிறுதோறும் அவளிடம் படிக்க வந்தார். அவள் வயதுதான், கல்யாணம் ஆகாத மனுஷர். படிப்பு என்னவோ 'ப்ரெபொசிஷன்' வந்ததும் சண்டிமாடாகப் படுத்துவிட்டது.

"மேசையில 'ஆன்', மெட்ராஸ்ல 'இன்', ஸ்டேஷன்ல 'அட்'டா? நாம ஒரே ஒரு 'ல' வச்சிக்கினு குடும்பமே நடத்துறோம். இவனுக்கு இன்னாத்துக்கு டீச்சர் மூணு?"

அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அந்த ஞாயிற்றுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர்மேல் ஆசை வந்துவிட்டது. முதலில் அவர்தான் வாய் திறக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தாள்.

கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வந்த அன்று, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். தமிழில் சொல்லக் கூச்சம் போலிருக்கிறது. 'உங்கமேல' என்பதை அப்படியே இங்கிலீஷாக்கிச் சொன்னார்.

"டீச்சர், ஐ ஹேவ் லவ் ஆன் யூ."

"ஆன் இல்லை, ஃபார்" என்றாள்.

அடிப்பாவி! வாயா அது? சொன்ன பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பதே அவளுக்கு உறைத்தது. அதற்குள் அவர் முகம் செத்துவிட்டது. "தப்புதான் டீச்சர், மன்னிச்சிக்கோங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கூப்பிட வேண்டியதுதானே?

கௌரவம் பார்த்தே மாதங்கள் ஓடின. கடைசியில் மனசு தாங்காமல் சென்ட்ரலில் வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். 'எனக்கும் உங்கமேலதான்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தமிழில் அதில் ஒரு பிழையும் இல்லை.

பார்சல் ஆபீசில், கம்பெனிகளுக்கு வந்த இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே, ஆதிகேசவன் பதறி எழுந்து நாற்காலி போட்டார்.

"டீச்சர்! நானே ஊட்டுக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன். அக்கா பொண்ணையே பேசி முடிச்சிட்டாங்க. தை மாசம் கல்யாணம், நீங்க அவசியம் வரணும். ஆமா, இம்மாந்தூரம் இன்னா விஷயமா வந்தீங்க?"

"இங்கே ஒரு பழைய மாணவி இருக்கா. அவளைப் பார்க்க வந்தேன்."

"பேர் சொல்லுங்க, நானே இட்டுக்கினு போறேன்" என்று ஆவலாகக் கிளம்பினார் ஆதிகேசவன்.

"அவ ஊர்ல இல்லையாம்" என்றாள் அலர்மேல்மங்கை. "மெட்ராஸுக்கு அடுத்த வண்டி எப்போ?"